கையொப்பத்தின் பொறுப்பு

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பழைய தெருக்களில் நடப்போர், வீட்டு வாயில்களில் பட்டயக் கணக்காளர்களின் பெயர்ப்பலகைகளை இன்றும் காணலாம். மக்கள் வழக்கில் அவர் ‘ஆடிட்டர்’. ஒரு நிறுவனத்தின் கணக்கை ஆராய்ந்து, அது உண்மை நிலையைக் காட்டுகிறதா எனச் சொல்லிக் கையொப்பமிடுவது அவர்தம் பணி. அக்கையொப்பத்தை நம்பி வங்கி கடன் தருகிறது. முகமறியாதோர் பங்கு வாங்குகின்றனர்.

இத்துறையில் சென்னைக்குத் தனிச்சிறப்பு உண்டு. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவரான ஆர். சிவபோகம், 1933இல் தேர்ச்சி பெற்று இந்தியாவின் முதல் பெண் கணக்காளரானார். பட்டயக் கணக்காளர் சட்டம் இயற்றப்பட்டதோ 1949இல்தான்.

அக்காலத் தணிக்கை அலுவலகம் பெரும்பாலும் வீட்டின் முன்னறையே. பேரேடு, ரொக்கப் புத்தகம், கட்டுக்கட்டாக வவுச்சர்கள். பயிற்சியாளர் வண்ண மையால் ஒவ்வொரு பதிவுக்கும் குறியிடுவர். பயிற்சிக்கு வருவோரே ஆசிரியராக அமையும் ஆடிட்டருக்குப் பணம் கட்டிச் சேர்ந்த காலமும் இருந்தது. வசதியற்றோர்க்கு அக்கதவு எளிதில் திறக்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. இன்று பயிற்சியாளருக்கு உதவித்தொகை தரப்படுகிறது.

கணினி வந்தபின் கூட்டல் சரிபார்க்கும் வேலை மறைந்தது. 2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வரவே, ரங்கநாதன் தெருக் கடைகளின் கணக்கும் இணையப் படிவங்களாயிற்று. வருமான வரி மதிப்பீடு முகமறியா முறைக்கு மாறியதால், நுங்கம்பாக்கம் அலுவலகத்தில் கோப்புடன் காத்திருப்பதும் குறைந்தது.

ஆயினும் ஆழமான மாற்றம் கருவியால் வந்ததன்று. 2009 ஜனவரியில், ஐதராபாத்தின் சத்யம் நிறுவனத் தலைவர், வங்கியில் இல்லாத பணத்தைக் கணக்கில் காட்டியதை ஒப்புக்கொண்டார். அக்கணக்குகளில் தணிக்கையாளர் கையொப்பம் ஆண்டுதோறும் இருந்தது! பின்னர் வந்த 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தை ஒரே தணிக்கை நிறுவனம் தொடர்ந்து 10 ஆண்டுகளுக்குமேல் தணிக்கை செய்யலாகாது என்றது. நெடுநாள் பழக்கம் கண்ணை மறைக்கும் என்பது அதன் கருத்து. தலைமுறையாக ஓர் ஆலையை அறிந்தவரின் நுட்பம் புதியவர்க்கு உடனே வாய்க்காது, அவ்விழப்பு மெய்யானதே. எனினும், ஆலை முதலாளியின் மனநிறைவைவிட முகமறியாப் பங்குதாரரின் பாதுகாப்பே பெரிதெனச் சட்டம் கருதியது முறையே.

2019 முதல் பட்டயக் கணக்காளர் வழங்கும் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் 18 இலக்க எண் இடவேண்டும். அச்சான்றிதழைப் பெறும் வங்கி எழுத்தர் அவ்வெண்ணை இணையத்தில் தட்டி, கையொப்பம் மெய்யா பொய்யா எனப் பார்த்துவிடலாம். மயிலாப்பூர் முன்னறையில் இட்டதாயினும் பன்மாடி அலுவலகத்தில் இட்டதாயினும் சோதனை ஒன்றே.