ஓட்டை விழுந்த இலைகள்

பினாங்குத் தீவின் நடுவே கொடிமலை நிற்கிறது. உயரம் 833 மீட்டர். அதன் அடிவாரத்தில் உள்ள ஊர் ஆயர் ஈத்தாம். கொடிமலைக்கு ஏறும் தொடர்வண்டி 1923ஆம் ஆண்டு முதல் இங்கிருந்துதான் புறப்படுகிறது. 2021இல் யுனெஸ்கோ இம்மலையையும் அதைச் சூழ்ந்த காடுகளையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் இத்தகுதியைப் பெற்ற மூன்றாவது இடம் இது.

ஊரின் ஒரு பக்கம் காடு என்றால் மறுபக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகள். பண்டார் பாரு ஆயர் ஈத்தாமிலும் பாயா தெருபோங்கிலும் அவை நெருக்கமாக எழுந்துள்ளன. மண்தரை குறைந்துவிட்ட இத்தகைய குடியிருப்புகளில், மாடி நடைபாதையில் வரிசையாக நிற்கும் பூச்சட்டிகளே பலருக்குத் தோட்டம். துளசி, கற்றாழை, பாண்டான் இலை, ஒரு எலுமிச்சங்கன்று. தமிழர் வீடென்றால் தவறாமல் ஒரு கறிவேப்பிலை.

அந்தக் கறிவேப்பிலைச் செடியில் ஒரு நாள் இலைகளில் ஓட்டை விழத் தொடங்கும். உற்றுப் பார்த்தால் பறவை எச்சம் போன்ற ஒன்று இலையின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அது எச்சமன்று, புழு. பறவைகளின் கண்ணுக்குத் தப்புவதற்காக அது அப்படி வேடம் போட்டிருக்கிறது. சில நாள்களில் தோலை உரித்துவிட்டு இலையின் பச்சை நிறத்துக்கே மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற, இரண்டாகப் பிளந்த உறுப்பு ஒன்றை நீட்டும். அதிலிருந்து வரும் வாடை எறும்பையும் விரட்டும். சமையலுக்கு இலை பறிக்க வந்தவரையும் விரட்டும்.

பெரும்பாலானோர் உடனே பூச்சிமருந்தைத் தேடுவார்கள். வளர்த்த செடி மொட்டையாவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால், அந்தப் புழு எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி எனத் தமிழில் அழகான பெயர் பெற்ற வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்றின் பிள்ளை. மருந்து தெளித்தால் புழு சாகும். புழு செத்தால் வண்ணத்துப்பூச்சி இல்லை. பூக்களை மட்டும் வளர்த்துவிட்டு வண்ணத்துப்பூச்சி வரவில்லையே என்று வருந்துவது, குழந்தைக்குச் சோறு போடாமல் அது வளரவில்லையே என்று வருந்துவதைப் போன்றது.

இழப்பு வண்ணத்துப்பூச்சியோடு நிற்பதில்லை. மாடிவீடுகளின் கொடிக்கம்பியிலும் பூச்சட்டியிலும்கூடக் கூடு கட்டித் தொங்கவிடும் தேன்சிட்டை எடுத்துக்கொள்வோம். தாய்ப்பறவை தேன் குடிக்கும்; ஆனால் குஞ்சு வளரத் தேன் போதாது. அதற்குச் சிலந்தியும் சிறுபூச்சியும் வேண்டும். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பூச்சியியல் பேராசிரியர் டக்ளஸ் டாலமி, அந்நாட்டின் சிக்கடி என்னும் சிறு பறவையை முன்வைத்து ஒரு கணக்கைக் கூறுகிறார். ஒரு கூட்டுக் குஞ்சுகள் பறக்கத் தொடங்கும்வரை அவற்றை வளர்க்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வேண்டுமாம். கைப்பிடிக்குள் அடங்கும் பறவைக்கு இத்தனை! பூச்சியே இல்லாத தோட்டத்தில் குஞ்சு எதைத் தின்று வளரும்?

எந்தச் செடியையாவது நட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஆபத்து வந்தால் விலங்கு ஓடும். செடியால் ஓட முடியாது. அதனால் அது தன் இலைக்குள் கசப்பையும் நஞ்சையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இலை தின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு செடிக் குடும்பத்தின் நஞ்சைத் தாங்க மட்டுமே பழகியவை. அந்தப் பழக்கம் வர நெடுங்காலம் ஆகும். எனவே, ஓரிடத்தின் பூச்சிகளுக்கு அவ்விடத்திலேயே தொன்றுதொட்டு வளர்ந்த செடிகள்தாம் உணவு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த காகிதப்பூச்செடி நம் வேலிகளில் ஆண்டு முழுவதும் பூத்துக் குலுங்குகிறது. கண்ணுக்கு விருந்துதான், ஆனால் இங்குள்ள பெரும்பாலான புழுக்களுக்கு அது உணவாகாது.

அப்படியானால் கறிவேப்பிலை? அதுவும் இந்தியாவிலிருந்து தமிழரோடு கடல் கடந்து வந்த செடிதானே! உண்மைதான். ஆனால் அது எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. லீமாவ் பூருட், லீமாவ் கஸ்தூரி போன்ற அக்குடும்பத்துச் செடிகளைத் தின்று பழகிய பூச்சிகள் இங்கு முன்பே இருந்தன. உறவுமுறை தெரிந்ததும் புதிய வீட்டிலும் விருந்துண்ண வந்துவிட்டன. வந்தேறிச் செடிகள் எல்லாமே பயனற்றவை என்று ஒதுக்கிவிட முடியாது. 1960இல் மலேசியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தியே இம்மண்ணில் தோன்றியது அன்று. அதற்காக யாரும் அதைக் குறைத்து மதிப்பதில்லை.

ஆனால் சில செடிகள் இடம் மாறினால் குணமும் மாறிவிடும். சிம்போ ஆயர் என்னும் மஞ்சள் பூச்செடி தீபகற்ப மலேசியாவுக்கும் போர்னியோவுக்கும் உரியது. அதன் அகன்ற இலையில் தெம்பே பொதிந்து விற்பார்கள். கனிகள் விண்மீன் வடிவில் வெடித்துத் திறந்ததும் பறவைகள் விதையைக் கொத்திச் செல்லும். இங்கு அது நல்ல செடி. ஆனால், 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் வழியாக இலங்கைக்குச் சென்ற அதே செடி, அங்கே ஈரநிலங்களில் பரவி உள்ளூர்ச் செடிகளை நெருக்கும் களையாகிவிட்டது. ஓரிடத்தில் விருந்தளிப்பது மற்றோரிடத்தில் பந்தியையே கலைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் நீலகிரியில் இக்கதை பெரிய அளவில் நடந்துள்ளது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, இன்று காட்டின் அடித்தளத்தையே மூடிப் புல்லை வளரவிடாமல் செய்கிறது. யானைக்கும் மானுக்கும் மேய்ச்சல் குறைகிறது. அங்குள்ள பழங்குடிக் கைவினைஞர்கள் அந்தச் செடியின் தண்டுகளை வெட்டி, வளைத்து, உயிருள்ள யானையின் அளவிலேயே யானை உருவங்களைச் செய்தார்கள். 2021இல் அவை இலண்டன் பூங்காக்களில் நின்றன. யானையின் உணவைப் பறித்த செடியே யானையாகிக் கடல் கடந்தது! களையெடுப்பு கலையாகவும் கூலியாகவும் மாறிய இத்தகைய முயற்சி அரிது.

இனி, இரு மண்ணுக்கும் பொதுவான ஒரு மரம். புன்னை தமிழகக் கடற்கரையிலும் வளரும். பினாங்குக் கடற்கரையிலும் வளரும். மலாய்மொழியில் அதற்குப் பெனாகா லாவுட் என்று பெயர். ஜார்ஜ்டவுன் நகரம் எழுந்த கடல்முனையின் பழம்பெயர் தஞ்சோங் பெனாகா. தீவின் பெயரோ பினாங் மரத்தால், அதாவது கமுகால், வந்தது. நகரம் எழுந்த முனையும் தீவும் மரங்களின் பெயரைத் தாங்கியவை. நற்றிணைப் பாடல் ஒன்றில், சிறுமியர் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்துவிடுகிறது. அவர்கள் அதைப் பாலூட்டி வளர்க்கிறார்கள். தாயோ, அம்மரம் அவர்களோடு உடன்பிறந்தவள் என்கிறாள். ஆகையால், வளர்ந்தபின் அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசத் தலைவி நாணுகிறாள். பூச்சட்டிக்குப் புன்னை அடங்காது. திடலுக்கும் சாலையோரத்திற்கும் அது பொருந்தும்.

மாடிவீட்டுக்கு ஏற்றவை வேறு. செண்டுடுக் என்னும் புதர்ச்செடி ஊதா நிறத்தில் பூக்கும். அப்பூவில் தேன் கிடையாது. கருவண்டு வந்து பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும். அந்த அதிர்வில் மகரந்தம் கொட்டும். கனியைத் தின்றால் நாக்கு கறுத்துவிடும். அறிவியலார் இதற்கிட்ட பெயரின் பொருளே கறுத்த வாய் என்பதுதான். நிழலான மூலையில் கடுக் இலையை வளர்க்கலாம். வெற்றிலையின் உறவான அதைப் பினாங்கு நோன்யாக்கள் பெருத் ஈக்கானில் சேர்ப்பார்கள். மலாய்க்காரர்கள் ஊலாமாக உண்பார்கள். ஈரமான சட்டியில் வல்லாரை படரும். தமிழர் அதைத் துவையல் அரைப்பார்கள். மலாய்க்காரர் அதையே பெகாகா என்பார்கள். சீனர் கடைகளில் அது சாறாகக் கிடைக்கும். ஒரு சட்டிச் செடி மூன்று வீட்டு அடுக்களைக்குப் போகும்போது அதற்குத் தண்ணீர் ஊற்றவும் மூன்று வீட்டார் இருப்பார்கள். விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இவ்வகைத் தோட்டத்தில் சிக்கல்களும் உண்டு. முதலாவது, கொசு. சட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரத்துக்குள் வளர்ந்து பறந்துவிடும். வண்ணத்துப்பூச்சிக்கு வீடு கொடுக்கிறேன் என்று டிங்கிக் காய்ச்சலுக்கும் இடம் கொடுத்துவிடக் கூடாது. அடித்தட்டையே எடுத்துவிடுவது நல்லது. தேங்கிய நீரில் கொசுப்புழு கண்டால் சுகாதார அதிகாரிகள் அபராதம் விதிக்கலாம். இரண்டாவது, வேர். ஆலும் அத்தியும் சேர்ந்த குடும்பத்து மரங்கள் காட்டில் இருவாச்சி முதல் குரங்குவரை எல்லாவற்றுக்கும் சோறு போடுபவை. ஆயினும், கட்டடத்தின் அருகில் நட்டால் சுவரைப் பிளந்துவிடும்.

மூன்றாவது சிக்கல் குரங்கு. அடிவாரத்து ஊர்களில் இதுவே பெரிது. பழமரத்தை மாடிப்படியின் அருகில் வளர்த்தால் நீண்டவால் குரங்குகள் வீட்டுக்குள்ளேயே வரப் பழகிவிடும். பிறகு புகாரும் கூண்டும் வரும்; தண்டனை குரங்குக்குத்தான். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லோத்தோங் வேறு வகை. அது பெரும்பாலும் இலை தின்னும். மரத்துக்கு மரம் தாவிச் செல்லும். மரத்தொடர் அறுந்த இடத்தில் சாலையில் இறங்கி வண்டியில் அடிபடும். அதைத் தடுக்க, லங்கூர் புரோஜெக்ட் பினாங் என்னும் அமைப்பு 2019இல் தெலுக் பஹாங்கில் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டியது. பயன்படுத்திக் கழித்த தீயணைப்பு நீர்க்குழாய்களே அப்பாலத்தின் மூலப்பொருள். மாடிவீட்டுச் சட்டிகளால் லோத்தோங்குக்கு வழி அமைக்க முடியாது. அதற்கு மரங்களும் பாலங்களும் வேண்டும். பூச்சிக்கும் சிறு பறவைக்கும்தான் சட்டிகள் படிக்கல்லாகும்.

கறிவேப்பிலைத் தகராற்றுக்கு எளிய வழி ஒன்று உண்டு: இரண்டு சட்டி. ஒன்று அடுக்களைக்கு, அதை மெல்லிய வலைத்துணியால் மூடிவைக்கலாம். மற்றொன்று புழுக்களுக்கு. மூடிய செடியில் முட்டையோ புழுவோ தென்பட்டால் கிள்ளி எறியாமல் அடுத்த செடிக்கு மாற்றலாம். பக்கத்து வீட்டார் மருந்தடிப்பவராக இருந்தால் சண்டையிடுவதைவிடக் கூட்டுப்புழு ஒன்றைக் கிளையோடு காட்டுவது பயன் தரும். அது வெடித்து வண்ணத்துப்பூச்சி வெளிவர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதுவரை அவ்வீட்டுப் பிள்ளைகளே காவல் காப்பார்கள்.

செடிகளுக்காகக் காட்டுக்குள் போய் வேரோடு பிடுங்கக் கூடாது. காப்புக்காட்டிலிருந்து உரிமமின்றிச் செடி எடுப்பது 1984ஆம் ஆண்டுத் தேசிய வனவியல் சட்டப்படி குற்றம். தண்ணீர்மலைக்கு அருகில் 1884இல், பழைய கல்லுடைப்புக் குழியில் உருவான பினாங்குத் தாவரவியல் பூங்காவுக்குச் சென்று செடிகளைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம். கோலாலம்பூரில் ஃபிரீ திரீ சொசைட்டி என்னும் தன்னார்வ அமைப்பு, தொண்டர்கள் வளர்த்த நாற்றுகளை விலையின்றி மக்களுக்குக் கொடுத்து வந்துள்ளது. ஒரு மாடிக்கட்டடத்திலும் அதைச் சிறிய அளவில் செய்ய முடியும். சாலையோரச் செண்டுடுக் கனி நாலைந்தை நீரில் பிசைந்தால் மணலைவிடச் சிறிய விதைகள் அடியில் தங்கும். அவற்றை ஈரமண்ணின்மேல் தூவி, மண்ணிட்டு மூடாமல், வெளிச்சம் படும்படி வைக்க வேண்டும். முளைத்த நாற்றுகளைத் தயிர்க் குவளைகளில் பிரித்து நட்டு, மலாய், சீனம், தமிழ் மூன்று மொழியிலும் பெயர் எழுதி மின்தூக்கியின் அருகில் வைத்தால், வேண்டியவர்கள் எடுத்துச் செல்வார்கள்.