உடல் எடையும் மூளையின் கணக்கும்

கேமரன் மலையில் கம்போங் ராஜாவைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளில் முன்னாளில் நம் மக்கள் முதுகில் கூடை சுமந்து, கையாலேயே கொழுந்து கொய்தனர். இன்று பல இடங்களில் இயந்திரம் கொழுந்தை வெட்டுகிறது. மலையாயினும் ரப்பர்த் தோட்டமாயினும், மோட்டார் சைக்கிள் வந்தபின் நடை குறைந்தது, உணவோ குறையவில்லை. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மிகை எடையுடையோர். நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் இது வழி திறக்கிறது.

சிலர் பட்டினி கிடந்து இளைக்கின்றனர்; சில மாதங்களில் பழைய எடை திரும்பிவிடுகிறது. அவரை மன உறுதியற்றவர் எனப் பழிக்கிறோம். அது முறையன்று. காரணம் மூளையிலும் இருக்கிறது.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதாலமஸ் என்னும் சிறு பகுதி உண்டு. தோட்டத்துக் கிராணி போல, உடலின் வரவு செலவை அது கவனிக்கிறது. கொழுப்புத் திசுக்கள் லெப்டின் என்னும் சுரப்பின் வழியே "இருப்பு உண்டு" என அதற்கு அறிவிக்கின்றன. இதனை 1994இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். வெறும் வயிறு சுரக்கும் கிரெலின் பசியைத் தூண்டுகிறது. இதனை 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டனர்.

எடை குறைந்தால் லெப்டினும் குறையும். மூளை அதனைப் பஞ்சமெனக் கொண்டு பசியை மிகுத்து, உடல் செலவிடும் சக்தியைச் சுருக்குகிறது. ஓராண்டு கழிந்தும் இச்சுரப்புகளின் மாற்றம் நீடிப்பதை 2011இல் வெளியான மெல்போர்ன் ஆய்வொன்று காட்டியது.

ஆகவே, திடீர்ப் பட்டினியை விடுத்து, சிறுகச் சிறுகக் குறைத்தலே நன்று. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறும், கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பும் இருக்கட்டும். கம்போங் ராஜாவில் விளையும் முட்டைக்கோசும் தக்காளியும் இதற்கு உகந்தவை. தேநீரில் சர்க்கரையையும் கெட்டிப்பாலையும் குறைப்போம். "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பது பழமொழி. வயிறு நிறைந்த செய்தி மூளையை எட்டச் சுமார் இருபது நிமிடம் ஆகும். உறக்கம் குறைந்தாலும் பசி மிகும். எனவே விடியுமுன் பால்வெட்டுக்கு எழுவோர் இரவில் நேரத்தோடு உறங்க வேண்டும். குறைந்த எடையைக் காக்க நாள்தோறும் நடப்பது துணைசெய்யும்.

நீரிழிவுக்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேளாமல் உணவைத் தவிர்த்தல் ஆபத்து; சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் ஆலோசனை பெறுக. எடை மீண்டும் ஏறினால் வெட்கி ஒதுங்காது, மறுபடி தொடங்குவோம். மூளைக்குப் புதுப் பழக்கத்தைக் கற்பிக்கக் காலமும் பொறுமையும் தேவை.