கைதட்டாத ஒரு கூட்டம்

ஒரு பேச்சாளர் நன்றாகப் பேசி முடித்தால் அரங்கில் என்ன நடக்கும்? கரவொலி எழும். ஆனால் சில கூட்டங்களில் பேச்சு முடிந்ததும் அவையோர் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, விரல்களை விரித்து அசைப்பார்கள். மகிழ்ச்சி தெரியும், ஓசை எழாது. காது கேளாதோரிடையே நெடுநாளாக உள்ள வழக்கம் இது. காது நன்றாகக் கேட்கும் வேறொரு பிரிவினரும் தங்கள் கூட்டங்களில் இதைக் கைக்கொண்டார்கள். அவர்கள் ஆட்டிசம் உடையவர்கள். காது கேட்பவர்கள் ஏன் கைதட்டலைத் தவிர்க்க வேண்டும்? இதற்கு விடை தேட இயற்பியலும் வேண்டும், மனிதர் பேச்சைக் கேட்கும் பொறுமையும் வேண்டும்.

ஆட்டிசம் என்பது என்ன?

ஆட்டிசம் நோயன்று, தொற்றுவதும் அன்று. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகும் முறை, ஒரே செயலில் ஆழ்ந்த ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை உணரும் அளவு ஆகியவற்றில் இவ்வேறுபாடு தெரியும். சிலர் சரளமாகப் பேசுவர். சிலர் பேசவே மாட்டார்கள். சிலருக்கு அன்றாட வேலைகளுக்கும் துணை வேண்டும். ஒருவரைப் பார்த்து எல்லோரையும் அளந்துவிட முடியாது.

1943-ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையின் தொடக்கம். அதில் அவர் ஒன்றைக் கவனித்துக் குறித்துள்ளார். இக்குழந்தைகள் பலத்த ஓசைகளுக்கு மிகவும் அஞ்சினர். ஆனால் அதே அளவு ஓசையைத் தாமே எழுப்பும்போது மகிழ்ந்தனர். அப்படியானால் ஒலியின் அளவு மட்டும் சிக்கலன்று. அது எப்போது வரும் என்று தெரியாமல் வந்து தாக்குவதும் சிக்கல். இக்குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் ஆட்டிசத்திற்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. மதி இறுக்கம் என்பது ஒன்று. அரசு ஆவணங்களிலும் காணப்படும் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்பது இன்னொன்று. புற உலகைப் பற்றிய நினைவே இல்லாதவர் என்பது இதன் பொருள். இது சரிதானா என்பதைக் கட்டுரையை முடித்தபின் நீங்களே சொல்லுங்கள்.

ஒலிக்கு ஒரு கணக்கு

ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கத்து மாணவர்களுக்கு வெடியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குருவி வெடி, லட்சுமி வெடி, அணுகுண்டு என்று ஓசையை வைத்தே பெயர் சொல்வீர்கள். ஓசையை எண்ணால் சொல்ல டெசிபெல் என்னும் அளவு உதவுகிறது.

டெசிபெல் அளவில் 10 கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்காகும். 20 கூடினால் 100 மடங்கு; 40 கூடினால் 10,000 மடங்கு. வகுப்பில் ஆசிரியரின் சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல். நம் நாட்டில் 1999-இல் வகுத்த விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஒரு வெடியின் ஓசை 125 டெசிபெலைத் தாண்டக் கூடாது. நொடிப்பொழுதில் எழும் ஓசைக்கென அமைந்த அளவுமுறையில் இது கணக்கிடப்படுகிறது.

திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலிச்செறிவு நான்கில் ஒரு பங்காகும்; அதாவது சுமார் 6 டெசிபெல் குறையும். எனவே 8 மீட்டரில் 119, 16 மீட்டரில் 113, 32 மீட்டரில் 107, 64 மீட்டரில் 101. தெருக்கோடியில் நிற்பவருக்கும், தோராயமாகப் பார்த்தால், ஆசிரியரின் பேச்சைப் போலப் பத்தாயிரம் மடங்கு செறிவுள்ள ஓசை போய்ச் சேர்கிறது. இருபுறமும் சுவர் எழுந்த குறுகலான தெருவில் ஒலி எதிரொலிப்பதால் இந்த அளவுக்குக் கூடக் குறையாது.

காதா, மூளையா?

நம் நடுச்செவியில் ஒரு சிறு தசை உண்டு. பேரோசை வந்தால் அது சுருங்கி, உள்ளே செல்லும் அதிர்வைக் குறைக்கும். ஆனால் அது முழுமையாகச் செயல்பட ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை ஆகலாம். வெடியின் அழுத்த அலையோ சில ஆயிரத்தில் ஒரு விநாடிகளிலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும். காவலாளி கதவைச் சாத்துமுன் திருடன் உள்ளே வந்துவிடுகிறான்! இது எல்லோருக்கும் பொது.

அடுத்த கட்டம் மூளை. முதல் வெடிக்கு நாம் திடுக்கிடுகிறோம். பத்தாவது வெடிக்குத் திரும்பியும் பார்ப்பதில்லை. திரும்பத் திரும்ப வரும் ஒலியை மூளை தள்ளிவைக்கக் கற்றுக்கொள்கிறது. இதற்குப் பழக்கமடைதல் என்று பெயர். ஒலிக்கு அதிகம் வருந்தும் ஆட்டிசம் உடைய இளைஞர்களிடம் நடந்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகள் சிலவற்றில் இப்பழக்கமடைதல் குறைவாக இருப்பது தெரிந்தது. அவர்களுக்குப் பத்தாவது வெடியும் முதல் வெடியே. ஆட்டிசம் உடையவர் எல்லோரும் இப்படி என்றும் எண்ணக் கூடாது. ஓசையை விரும்பித் தேடுபவரும் அவர்களில் உண்டு.

தாமே பேசத் தொடங்கினர்

இச்செய்தி உலகுக்கு எப்படித் தெரிந்தது? கருவிகள் சொல்வதற்கு முன்பே, ஆட்டிசம் உடையவர்கள் தாமே சொன்னார்கள். கால்நடை அறிவியல் பேராசிரியரான டெம்பிள் கிராண்டின் 1986-இல் தம் வாழ்க்கையை நூலாக வெளியிட்டார். எல்லா ஓசையையும் ஒருசேர வாங்கிப் பெருக்கும் ஒலிவாங்கியைப் போன்றது தம் காது என்று பின்னர் அவர் விளக்கினார். பலர் இப்படி எழுதியும் பேசியும் வந்தனர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்கண்டறியும் கையேட்டில், புலனுணர்வு மிகுதியும் குறைவும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இடம்பெற்றது 2013-இல்தான். கிராண்டினின் நூல் வந்து 27 ஆண்டுகள் கழிந்திருந்தன.

1992-இல் ஜிம் சின்க்ளேரும் நண்பர்களும் அமெரிக்காவில் 'ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பைத் தொடங்கினர். ஆட்டிசம் உடையவர்களே நடத்திய அமைப்பு அது. மறு ஆண்டு சின்க்ளேர் பெற்றோரை நோக்கி ஒரு கட்டுரை எழுதினார். 'எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள். உங்கள் எதிரே இருக்கும் பிள்ளையைப் பாருங்கள்' என்பதே அதன் சாரம்.

1996-இல் இவ்வமைப்பு 'ஆட்ரீட்' என்னும் முகாமைத் தொடங்கியது. அங்கே நறுமணத் தைலம் பூசி வருவதும் திடீர் ஒளி வீசிப் படம் எடுப்பதும் தவிர்க்கப்பட்டன. ஒவ்வொருவரும் வண்ண அட்டை அணிந்தனர். சிவப்பு என்றால் 'இப்போது என்னிடம் பேச வேண்டாம்'. மஞ்சள் என்றால் 'எனக்குத் தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம்'. பின்னாளில், 'நீங்களே வந்து பேச்சைத் தொடங்குங்கள்' என்பதற்குப் பச்சையும் சேர்ந்தது. முகம் பார்த்து மனநிலையை ஊகிக்க வேண்டிய சிரமம் தீர்ந்தது. நாற்சந்தி விளக்கைப் போல எளிமையான இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள், அதன் தேவையைத் தம் உடம்பில் உணர்ந்தவர்கள்.

2005 முதல் ஜூன் 18 ஆட்டிசப் பெருமித நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஏப்ரல் 2 ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த நாள். ஜூன் 18 அவர்களே தேர்ந்துகொண்ட நாள். 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அவர்களைப் பற்றி முடிவெடுக்கும்போது அவர்களைக் கலந்தே எடுக்க வேண்டும் என்கிறது. 2007-இல் இந்தியாவும் அதை ஏற்றது.

நம் நாட்டில் 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக அதை ஏற்றுக் கல்வி, வேலை ஆகியவற்றில் உரிமை அளித்தது. இங்கே இயக்கத்தைப் பெரும்பாலும் தொடங்கியவர்கள் பெற்றோர்கள். இப்போது ஆட்டிசம் உடையவர்களும் தம் குரலில் எழுதுகிறார்கள். வாயால் பேச இயலாதவர்களுக்கும் குரல் உண்டு. இந்திய வம்சாவளியினரான ஹரி ஸ்ரீநிவாசன் தட்டெழுத்தின் மூலம் கருத்தைத் தெரிவிப்பவர். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஆட்டிசம் பற்றிய மாணவர் அமைப்பை வழிநடத்தினார்; அப்பொருளில் ஒரு வகுப்பும் நடத்தினார். அமெரிக்க அரசுக்கு ஆட்டிசம் குறித்து ஆலோசனை கூறும் குழுவில் உறுப்பினராக இருந்தார். பிறகு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நரம்பு அறிவியலில் முனைவர் ஆய்வை மேற்கொண்டார்.

காதோடு காதாக ஒரு சோதனை

'ஆட்டிசம் உடையவர்களுக்குப் பிறர் மனம் புரியாது' என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். ஆட்டிசம் உடைய சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் ஒரு மறுகேள்வி கேட்டார்: பிறருக்கு ஆட்டிசம் உடையவர் மனம் புரிகிறதா? புரியாமை இரு பக்கமும் இருக்கும்போது குற்றத்தை ஒரு பக்கமே ஏன் சுமக்க வேண்டும்?

இதைச் சோதிக்க எடின்பரோ ஆய்வாளர்கள், நீங்கள் விளையாடும் காதோடு காதாகச் செய்தி சொல்லும் விளையாட்டையே எடுத்துக்கொண்டனர். எட்டுப் பேர் கொண்ட வரிசைகளில் ஒரு கதை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் சென்றது. 72 பேரைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லோருமே ஆட்டிசம் உடையவராக இருந்த வரிசையும் ஒருவருமே அப்படி இல்லாத வரிசையும் சமமாகச் செய்தன. கலப்பு வரிசையில் மட்டும் கதை அதிகம் தேய்ந்தது. 300-க்கு மேற்பட்டோரைக் கொண்டு மீண்டும் செய்து 2025-இல் வெளியான ஆய்வில் கலப்பு வரிசையும் மற்றவற்றுக்கு இணையாகவே இருந்தது. முதல் முடிவைப் பெரிய சோதனை திருத்துவது அறிவியலின் இயல்பு. ஆனால் ஒன்று கவனியுங்கள்: இரு ஆய்விலும் ஆட்டிசம் உடையவர்களின் வரிசை பின்தங்கவில்லை.

நம் தெருவில்

பட்டாசும் தீப்பெட்டியும் நம் பகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்கு உலையேற்றும் தொழில்கள். தொழிலை மூடு என்று சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. புஸ்வாணமும் சங்குசக்கரமும் கம்பி மத்தாப்பும் நம் தொழிலாளர் கைவண்ணமே. கண்ணுக்கு விருந்தாகும் இவை காதை அவ்வளவாக வருத்துவதில்லை.

கானரின் குறிப்பை இப்போது எடுத்துக்கொள்வோம். எப்போது வரும் என்று தெரிந்த ஓசை பாதி பாரம். 2018-இல் உச்ச நீதிமன்றம் காற்று மாசைக் கருதித் தீபாவளி வெடிக்கு நேர வரம்பு விதித்தது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று அது அமைந்தது. ஓசைக்கு வருந்துவோருக்கு இதில் எதிர்பாராத ஒரு நன்மை உண்டு: அந்த இரண்டு மணி நேரத்துக்கு முன்னதாகவே ஆயத்தமாகலாம். கோயில் கொடை, திருமணம், இறுதி ஊர்வலம் ஆகியவற்றுக்கும் வேட்டுப் போடும் இடத்தையும் நேரத்தையும் முன்னரே அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டால் என்ன செலவாகும்? காதை மூடும் உறை 20 டெசிபெல் குறைத்தாலே உள்ளே செல்லும் ஒலிச்செறிவு நூறில் ஒரு பங்காகிவிடும். பள்ளி விழாவில் ஒலிபெருக்கிக்குத் தொலைவில் ஓர் அறையை அமைதிக்கென ஒதுக்கலாம்.

இவற்றில் எது வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? உங்கள் வகுப்பில் அத்தகைய நண்பர் ஒருவர் இருந்தால் அவரையே கேளுங்கள். அவர் எழுதிக் காட்டலாம், படத்தைச் சுட்டலாம், தலையசைக்கலாம். எல்லாம் விடைதான். வெடிச்சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பவர் புற உலகச் சிந்தனை அற்றவரல்லர். புற உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் அவர்மேல் வந்து விழுகிறது.

செய்து பாருங்கள்

1. திறந்த மைதானத்தில் ஒருவர் ஒரே சீராக விசில் ஊதட்டும். கைப்பேசியிலுள்ள ஒலிமானியால் 2 மீட்டர், 4 மீட்டர், 8 மீட்டர் தொலைவுகளில் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறைகிறதா? இல்லையென்றால் காரணம் என்ன? (வெடியை வைத்து இச்சோதனையைச் செய்யக் கூடாது.)

2. நான்கு மீட்டரில் 125 டெசிபெல் உள்ள வெடியோசை 101-ஆகக் குறைய 64 மீட்டர் வேண்டும் என்று கண்டோம். 89-ஆகக் குறைய எவ்வளவு தொலைவு வேண்டும்? உங்கள் பள்ளியிலிருந்து அத்தொலைவுக்குள் என்னென்ன இருக்கின்றன?

3. ஆட்டிசத்திற்குத் தமிழில் ஒரு நல்ல பெயர் வேண்டும். அதை வைக்கும் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள்.