பின் நம்பரைத் திருப்பிப் போட்டால் போலீஸ் வருமா?

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஆள் சேர்ந்து, வாட்ஸ்அப் குழு தொடங்கிய இரண்டாம் நாளே அந்தச் செய்தி வந்துவிடும். "ஏ.டி.எம்.மில் யாராவது கத்தியைக் காட்டினால் பின் நம்பரைத் தலைகீழாக அடியுங்கள். பணமும் வரும், போலீஸும் வரும்." கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

வராது. சென்னையிலும் வராது, பாங்காக்கிலும் வராது.

1234-ஐ 4321 என்று அடித்தால் மெஷினுக்கு அது தவறான எண், அவ்வளவுதான். மறுபடி மறுபடி தவறினால் கார்டு முடங்கும். கத்தி வைத்திருப்பவன் அதுவரை பொறுமையாக நிற்பானா? 2332 என்றோ 5555 என்றோ வைத்திருப்பவர் எதைத் திருப்பிப் போடுவாராம்? படித்தவர்கள்கூட இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, ஃபார்வர்டு மட்டும் செய்கிறார்கள்.

புரளிக்கு வேர் இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய்ஸைச் சேர்ந்த ஜோசப் ஸிங்கர் 1990களில் இப்படியொரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். வங்கிகள் அதைச் சீந்தவில்லை. 2009-ல் வந்த கடன் அட்டைச் சட்டம் இந்த யோசனையை ஆராயச் சொன்னது; அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2010-ல் தந்த அறிக்கை, எந்த ஏ.டி.எம்.மிலும் இது ஒருபோதும் நடைமுறைக்கு வந்ததில்லை என்றது. விஷயம் அங்கேயே முடிந்தது. ஃபார்வர்டுதான் முடியவில்லை.

'கேன்சலை' இரண்டு முறை அழுத்தினால் எண் திருடு போகாது என்பதும் பொய்தான். ரிசர்வ் வங்கி அப்படிச் சொல்லவில்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் (பி.ஐ.பி.) ஏற்கெனவே மறுத்திருக்கிறது.

'சிப் கார்டுக்குப் பயமில்லை' என்பது பாதி உண்மை. சிப்பைப் போலி செய்வது கடினம். ஆனால் கார்டின் முதுகில் கறுப்புக் காந்தப் பட்டை இன்னும் இருக்கிறதே. திருடர்கள் நகலெடுப்பது அதைத்தான்.

நகலெடுக்கும் கருவி ஒட்டியிருக்கிறதா என்று கார்டு நுழையும் வாயை ஆட்டிப் பார்த்தால் போதும் என்பார்கள். அதுவும் எப்போதும் போதாது. 2015-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் மெக்சிகோவின் கான்கூன் பகுதிக்கே போய்ப் பார்த்தார். அங்கே சில மெஷின்களின் வயிற்றுக்குள்ளேயே புளூடூத் கருவி இருந்தது. வெளியிலிருந்து எவ்வளவு ஆட்டினாலும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் எண் அடிக்கும் கையை மறு கையால் மூடுவது, கடைவீதி மெஷினை விட்டு வங்கிக் கிளைக்குள் இருப்பதைத் தேடுவது போன்ற பழைய புத்தி இன்றும் செல்லும்.

உண்மையான பாதுகாப்பு ஒன்று பலர் கையிலேயே தூங்குகிறது. ரிசர்வ் வங்கியின் 2020 உத்தரவுப்படி, வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியிலேயே திறக்கலாம், மூடலாம்; எடுக்கும் தொகைக்கு வரம்பும் வைக்கலாம். பயணத்துக்காகத் திறந்தவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியதும் மூடினார்கள்? நகலெடுத்த கார்டு ஆறு மாதம் கழித்துக்கூட வேறொரு நாட்டில் வேலை செய்யலாம்.

இந்திய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்கள் மின்னஞ்சல் எச்சரிக்கையையாவது பதிந்துவிட்டுப் போகட்டும். வாடிக்கையாளர் தவறில்லாமல் பணம் திருடு போயிருந்தால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு முழு இழப்பிலிருந்தும் விலக்கு என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 விதி.