கட்டு வெட்டிய பிறகும் வேலை இருக்கு



அன்புவழிபுரத்திலிருக்கும் என் அக்கா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டா. ஆறு கிழமையில் மாக்கட்டை வெட்டினார்கள். எலும்பு திரும்பவும் விட்டுப்போகும் என்ற பயத்தில் கையை மடியிலேயே வைத்திருந்தா. விரல் விறைத்து, தேங்காய்ப்பால்கூடப் பிழிய முடியல்ல.

காரணம் என்ன? அசையாத மூட்டு இறுகும். வேலையில்லாத தசை மெலியும். ஆகவே டாக்டர் சரியென்றதும்:

1. இளஞ்சுடுதண்ணியில் கையை 5 நிமிடம் வையுங்கள்.
2. விரல்களை மடக்கி விரியுங்கள்.
3. மணிக்கட்டை மேலும் கீழும் மெதுவாக அசையுங்கள்.
4. முழங்கையை விலாவோடு ஒட்டி, உள்ளங்கையைத் திருப்புங்கள்.
5. சில நாள் போனதும் ஈரத்துணியைப் பிழியுங்கள்.

ஒவ்வொன்றும் 10 தரம், நாளுக்கு 3 வேளை. லேசாக இழுக்கும், பயப்படாதீங்க. வீக்கம் கூடினால், விரல் மரத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. பாரமான கூடையை அவசரப்பட்டுத் தூக்காதீங்க.

அக்கா இப்போ தேங்காயும் துருவுறா.