பழைய கணினிக்கு எந்த வழி? லினக்ஸுக்கு மாற நினைப்போர்க்கு ஒரு வழிகாட்டி

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டமையாலும், விண்டோஸ் 11 இன்டெல் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்ட கணினிகளைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளாமையாலும், மட்டக்களப்பின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஆசிரியர் வீடுகளிலும் கொமியூனிகேஷன் கடைகளிலும் பழுதின்றி உழைத்துவரும் கணினிகளின் சொந்தக்காரர் பலர், இனி என்ன செய்வது என்ற யோசனையில் ஆழ்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு நான்கு வழிகள் உள்ளன. எது உத்தமம் என்பதை இயங்குதளத்தின் புகழைக்கொண்டு தீர்மானிப்பது தவறு. செய்கிற தொழிலும், கைக்குப் பழகிய தட்டச்சும், பக்கத்திலுள்ள அச்சுப்பொறியுமே அதனை நிர்ணயிக்கவேண்டும்.

முதலாவது வழி, இருப்பதை அப்படியே வைத்துக்கொள்வது. வீட்டுப் பாவனையாளர் பதிவுசெய்துகொண்டால் 2026 ஒக்டோபர் வரை திருத்தங்கள் கிடைக்கும் என அந்நிறுவனம் அறிவித்தது. ஆனால் திருத்தம் நின்றுபோன கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்தாகும். இரண்டாவது, புதிய கணினி வாங்குவது. போட்டோஷொப்பில் கலியாண அல்பம் அமைத்துப் பிழைப்பவர்க்கும், மேக்ரோ நிறைந்த எக்செல் தாள்களில் கணக்கு எழுதுபவர்க்கும் இதுவே தக்கது. அம்மென்பொருள்கள் லினக்ஸ் என்னும் மாற்று இயங்குதளத்தில் நேராக இயங்கமாட்டா.

மூன்றாவது வழி, முற்றாக லினக்ஸுக்கு மாறுவது. லினக்ஸிலும் பல வகைகள் உண்டு. புதியவர் இரண்டை ஒப்புநோக்கினாற் போதும். உபுண்டுவின் முகப்பு விண்டோஸிலிருந்து வெகுவாக வேறுபட்டது, பதிவிறக்கமும் ஏறத்தாழ 6 ஜி.பி. ஆகும், லினக்ஸ் மின்டோ, இடது மூலையில் பட்டியும் கீழே பணிப்பட்டையுமாக, பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாததோடு, ஏறத்தாழ 3 ஜி.பி. அளவிலேயே கிடைப்பது. டேட்டாவுக்குக் காசு எண்ணுவோர்க்கு மின்டே சௌகரியமானது, 4 ஜி.பி. நினைவகம் மாத்திரமுள்ள கணினிக்கு அதன் எக்ஸ்.எப்.சி.ஈ. பதிப்பு பொருந்தும்.

மாறியவுடன் மனஞ் சலிக்கச் செய்வது பெரும்பாலும் பாமினி எழுத்துருவே. பாமினியில் ‘அம்மா’ என்று தட்டுபவர் உண்மையில் கணினிக்கு அளிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளையே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் தந்து காட்டுகின்றது. ஆதலால், வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த தவணைப் பரீட்சை வினாத்தாள்களையும் திருவிழாத் துண்டுப்பிரசுரங்களையும் லிப்ரே ஒபிஸில் திறக்கும் ஒருவர், ஆங்கில எழுத்துக்களின் குவியலைக் கண்டு, எல்லாம் அழிந்துபோயின என்றே அஞ்சிவிடுகின்றார். ஒன்றும் அழியவில்லை, பழைய கணினியிலுள்ள பாமினி எழுத்துருக் கோப்பைப் பென் டிரைவிற் கொண்டுவந்து நிறுவினால் தமிழ் திரும்பிவிடும், பழைய பழக்கப்படி தட்டவும் இயலும். எனினும் இனி எழுதுவன ஒருங்குறியில் அமைவதே உசிதம். ஐபஸ் உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்99உம் கிடைக்கும்.

அடுத்த சிரமம் அச்சுப்பொறி. எச்.பி. அச்சுப்பொறிகளிற் பெரும்பாலானவை லினக்ஸோடு எளிதில் இணங்கும். வேறு சில லேசர் மாதிரிகளுக்கோ இயக்கி நிரல் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் கறுப்புத் திரையிற் கட்டளை தட்டி நிறுவவேண்டிவரும். சில மடிகணினிகளில் வைபை எழும்பாது. அதற்கான நிரலை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கோ அந்த நிரல் வேண்டும் என்ற சங்கடம் நேரும்போது, கைப்பேசியை யூ.எஸ்.பி. கேபிளால் இணைத்து டெதரிங்கை இயக்கிவிட்டு, மின்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அநேகமாக வழி பிறக்கும்.

நான்காவது வழி, இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருப்பது. 2013இல் கல்லடியிற் புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னும் பழைய பாலம் அருகிலேயே நிற்பதுபோல, விண்டோஸை ஒரு பகுதியில் விட்டுவைத்து, இணையமும் அன்றாட எழுத்தும் லினக்ஸில், பழைய அச்சுவேலை மாத்திரம் இணையந் தொடாத விண்டோஸில் எனப் பிரித்துக்கொள்ளலாம். இதற்கு வன்தட்டைப் பங்கிடவேண்டியிருப்பதால், கோப்புகள் அனைத்தையும் வெளியே பிரதிசெய்துகொள்ளாமல் ஒருவரும் இதில் இறங்கலாகாது.

எந்த வழியைத் தெரிவதற்கும் முன்னால், மின்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே கணினியை அதிலிருந்து தொடக்கி, பாமினி எழுத்துருவைச் சேர்த்து ஒரு பழைய கோப்பைத் திறந்து, ஒரு பக்கம் அச்சிட்டு, வைபையை இணைத்துப் பாருங்கள். மூன்றும் கைகூடினால் மாணவரும் ஆசிரியரும் ஓய்வூதியரும் தயக்கமின்றி மாறலாம். அச்சுப்பொறி மாத்திரம் இணங்காவிடில் நான்காம் வழியே கடைக்காரருக்கு ஏற்றது. இந்தப் பரீட்சைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். அதைச் செய்யாமல், நன்கு உழைக்கும் கணினியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுப்பதும், பிறர் பேச்சைக் கேட்டு ஒரே நாளில் அனைத்தையும் அழித்து மாறுவதும், இரண்டுமே வீண் நஷ்டமாகும்.