நான் எடுத்த படத்துக்கு நானே சாட்சி தேட வேண்டியிருந்தது

என் படங்களை நானே திருடிப் போட்டேன் என்று ஒருவர் தீர்ப்பு எழுதினார். அவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆண்டிமடத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று பிழைப்பு ஓடுகிறது. மிச்ச நேரத்தில் எடுக்கும் படங்களை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுகிறேன். நீங்களும் என்னைப் போலவே ஒரு கேமராவும், நிரம்பி வழியும் ஹார்ட் டிஸ்க்கும், எப்போது அடைக்கப் போகிறோம் என்று தெரியாத லென்ஸ் கடனும் வைத்திருப்பவர் என்றே நினைத்து எழுதுகிறேன்.

காமன்ஸ் 2004 செப்டம்பரில் தொடங்கியது. இன்று அதில் 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளன. விக்கிப்பீடியாவில் நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன. ஏற்றுகிறவரும் தன்னார்வலர், சரிபார்க்கிறவரும் தன்னார்வலர், நீக்குகிறவரும் தன்னார்வலர். கணக்குத் தொடங்குவது, விவரம் எழுதுவது, பகுப்பு சேர்ப்பது எல்லாம் ஒரு மதியத்தில் பழகிவிடும். அதைச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். படம் உங்களுடையது என்று எப்படி நிரூபிப்பது என்பதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

எனக்கு நடந்தது இது. கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பங்கள், முந்திரித் தோப்புகள், விளந்தைப் பக்கம் இருந்த ஒரு பழைய ஓட்டு வீடு என்று நல்ல படங்களாகச் சேர்த்திருந்தேன். எடுத்த சூட்டோடு ஸ்டுடியோவின் பேஸ்புக் பக்கத்தில் போட்டேன். ஊரே பாராட்டியது. பிறகு ஹார்ட் டிஸ்க் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டது. படங்கள் பேஸ்புக்கில் இருக்கின்றனவே என்று அங்கிருந்தே இறக்கி, காமன்ஸில் 'சொந்தப் படைப்பு' என்று குறித்து ஏற்றினேன். கணக்கின் பெயர் என் செல்லப்பெயர். பேஸ்புக் பக்கத்தில் இருப்பதோ ஸ்டுடியோவின் பெயர்.

அவ்வளவுதான். பதிப்புரிமை மீறல் என்று ஒட்டி, ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டார்கள்.

அவர்கள் கணக்கு எப்படிப் போகிறது என்று பிறகுதான் விளங்கியது. கேமராவிலிருந்து வரும் கோப்பில் கேமராவின் மாடல், லென்ஸ், ஷட்டர் வேகம், எடுத்த தேதி எல்லாம் பதிவாகியிருக்கும். பேஸ்புக் அதையெல்லாம் உரித்துவிட்டு, அளவையும் சுருக்கி, எஃப்பிஎம்டி என்று தொடங்கும் தன் முத்திரையைக் கோப்புக்குள் வைத்துவிடுகிறது. காமன்ஸில் ரோந்து போகிறவர்கள் அந்த நான்கெழுத்தைப் பார்த்தால் சந்தேகப்படுவார்கள். புதுக் கணக்கு, சின்ன அளவு, அதே படம் இன்னொரு பெயரில் முன்பே வெளியாகியிருப்பது ஆகியவையும் சேர்ந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கூகுளில் கிடைத்ததையெல்லாம் அள்ளிப்போடுகிறவர்கள் அங்கே தினமும் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

இது என் பிழை என்று அங்கே சிலர் பாடம் நடத்தினார்கள். இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் உழைப்பை என் பக்கத்தில் போட எனக்கு உரிமை உண்டு. நீக்குவதற்கு முன், "தம்பி, இந்த ஸ்டுடியோ உன்னுடையதா?" என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். எங்கள் ஊரில் தேங்காய் திருடியவனைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள்.

மீட்க வழி இருக்கிறது. நீக்கிய கோப்பு அழிந்துபோவதில்லை. நிர்வாகிகளால் திரும்பக் கொண்டுவர முடியும். அனுமதி மின்னஞ்சல்களைப் பார்க்க ஒரு தன்னார்வலர் குழு உண்டு. 2021 வரை ஓடிஆர்எஸ் என்றார்கள், இப்போது விஆர்டி. உங்கள் பக்கத்தில் வெளிப்படையாக இருக்கும் முகவரியிலிருந்து, இந்தப் படங்களை எடுத்தவன் நான், இன்ன உரிமத்தில் வெளியிடுகிறேன் என்று அவர்களுக்கு எழுதுங்கள். அல்லது அந்தப் பேஸ்புக் பதிவிலேயே உரிமத்தை எழுதிவிடுங்கள். நான் இரண்டையும் செய்தேன். பல வாரம் கழித்துப் படங்கள் திரும்பின. ஆனால் திரும்பியது பேஸ்புக் சுருக்கிய அளவுதான். விளந்தை வீட்டை இதற்குள் இடித்துவிட்டார்கள். அதன் தூண் வேலைப்பாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் இன்று வெறும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. எனக்கு விழுந்த பெரிய அடி அதுதான். பழியை நான் மறந்துவிடுவேன்.

எனவே, முதலில் காமன்ஸ், பிறகு பேஸ்புக். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். வாட்ஸ்அப் வழியாக அனுப்பி வாங்கிய படத்தை ஏற்றவே வேண்டாம்; அதுவும் தகவலை உரித்துவிடும். கணக்கின் பயனர் பக்கத்தில் ஸ்டுடியோவின் பெயரை எழுதி, ஸ்டுடியோ பக்கத்தில் கணக்கின் பெயரை எழுதுங்கள்.

அடுத்தது, நம் தொழில்காரர்கள் யாரும் நம்ப மறுக்கும் விஷயம். காசு வாங்கி எடுத்த படத்தின் உரிமை நமக்கில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படியுங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டபடி, பணம் பெற்றுக்கொண்டு படம் எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் அவர்தான். கல்யாண ஆல்பம் மட்டுமல்ல, திருவிழாக் குழு கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன தேர்ப் படமும் அப்படித்தான். நெகட்டிவ் நம்மிடம் இருக்கிறது என்ற வீறாப்பு இங்கே செல்லாது. இப்போதெல்லாம் அட்வான்ஸ் ரசீதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்: கோயில், ஊர், ஊர்வலம் ஆகியவற்றின் படங்களின் உரிமை ஸ்டுடியோவுக்கு. யாரும் மறுத்ததில்லை.

எதைப் படமெடுக்கலாம் என்பதில் நம் சட்டம் தாராளம்தான். 52ஆம் பிரிவு, கட்டடங்களைப் படமெடுக்க விடுகிறது. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலைகளுக்கும் அதுவே. பேருந்து நிலையத் தலைவர் சிலை, புதிதாகக் கட்டிய கோபுரத்தின் சுதை உருவங்கள் எல்லாம் சரி. பாரிஸில் ஐஃபல் கோபுரத்தின் இரவு விளக்கலங்காரத்துக்கே உரிமை கேட்கிறார்கள் என்பதை நினைத்தால் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் அந்தச் சலுகை ஓவியத்துக்கு இல்லை. சுவரோவியம், ஃபிளெக்ஸ் பேனர், சினிமாப் போஸ்டர் ஆகியவை படத்தின் மையமாக இருந்தால் நீக்கிவிடுவார்கள். ஓரத்தில் தற்செயலாக விழுந்திருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ராஜேந்திர சோழன் காலத்துச் சிற்பத்துக்கு உரிமைச் சிக்கல் கிடையாது. ஆனால் அந்தச் சிற்பத்தை வேறொருவர் எடுத்த படத்தைப் புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்தால் அது அவருடைய படம். நேரில் போய் எடுங்கள். ஜெயங்கொண்டம் தாண்டினால் கோயில் வந்துவிடுகிறது. டிரைபாட் வேண்டுமென்றால் தொல்லியல் துறையிடம் முன்அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய படங்கள் பற்றிச் சுருக்கமாக. இன்றைய சட்டம் 1958 ஜனவரி 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எடுத்த படங்களுக்கு, நெகட்டிவ் உருவான நாளிலிருந்து 50 ஆண்டு என்பது பழைய கணக்கு. அவை இங்கே பொதுச்சொத்தாகிவிட்டன. காமன்ஸின் சர்வர் அமெரிக்காவில் இருப்பதால் அங்கேயும் உரிமை முடிந்திருக்க வேண்டும் என்பார்கள். 1946க்கு முந்தையது என்றால் தலைவலி இல்லை. அதற்குப் பிந்தைய ஸ்டுடியோப் படங்களை, உரிமையாளரோ வாரிசோ எழுதிக் கொடுக்காமல் தொடாதீர்கள். "விக்கிப்பீடியாவில் போட்டுக்கோப்பா" என்று பெரியவர் வாயால் சொன்னது போதாது. யாரும், வியாபாரத்துக்கும்கூடப் பயன்படுத்தலாம் என்று அவர் தெரிந்து சம்மதிக்க வேண்டும். வணிகம் கூடாது என்ற உரிமத்தைக் காமன்ஸ் ஏற்பதில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் போட்டோகிராபர் நண்பர்கள் சிரித்தார்கள். "ஏண்ணே, சும்மா கொடுக்கவா அந்த லென்ஸை வாங்குனீங்க?" அவர்களுக்கு என் பதில் ஒரு காலண்டர். பக்கத்து ஊர் அச்சகம் ஒன்று என் கோயில் படத்தைக் காமன்ஸிலிருந்து எடுத்து, பெயர் போடாமல் காலண்டர் அடித்தது. கேட்டால், "நெட்ல ஃப்ரீயா கெடந்துச்சு" என்றார்கள். நான் கொடுத்திருப்பது கிரியேட்டிவ் காமன்ஸின் பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரும் 4.0 உரிமம். பெயரை விட்டால் பயன்படுத்தும் உரிமையே போய்விடும். விஷயம் தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் அது தானாகத் திரும்பக் கிடைக்கும். உரிமப் பக்கத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். அடுத்த அச்சில் பெயர் வந்தது.

பொதுவுக்கு என்று மொத்தமாக விட்டுக்கொடுத்திருந்தால் இதைச் செய்திருக்க முடியாது. அமெரிக்கக் கலைஞர் கரோல் ஹைஸ்மித் அப்படித் தம் படங்களை அங்குள்ள காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தார். பிறகு, அவர் எடுத்த படத்தை அவருடைய தளத்திலேயே பயன்படுத்தியதற்கு 120 டாலர் கேட்டு அவருக்கே கடிதம் வந்தது. 2016இல், படங்களை உரிமம் போட்டு விற்கும் கெட்டி நிறுவனத்தின் மீது 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பதிப்புரிமைக் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. எனவே உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் அவசரப்படாதீர்கள். ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. மனம் மாறினால், எங்கும் பயன்படாத படத்தை ஏற்றிய 7 நாளுக்குள் கேட்டால் நீக்கித் தருவார்கள், அதோடு சரி.

ஆடியிலும் மார்கழியிலும் நமக்கு முகூர்த்தம் கிடையாது. அந்த மாதங்களில் உங்கள் ஊர் ஏரி, பள்ளிக்கூடம், சந்தை, இடியப்போகும் வீடு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். சிரித்தவர்களில் இருவர் இப்போது காமன்ஸில் கணக்குத் தொடங்கி, எந்த உரிமம் போடுவது என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறேன், லென்ஸ் பேச்சை மட்டும் ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்திவிட்டு.